கணுக்கால் சுளுக்கோடு காப்பிப் பழம் பறிக்கப் போகலாமா?

வாசகர் கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறேன். வயது 43. மூன்றரை வாரத்துக்கு முன்னால் பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது ஈரச் சருகு வழுக்கி, வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அன்றைக்கே வீங்கி நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, ஜவ்வு அடி, மூன்று வாரம் ரெஸ்ட் எடுங்கள் என்றார்கள். மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்தார்கள். ஆறு நாள் படுத்திருந்தேன், ஏழாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். பழ சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் எங்களுக்கு வருஷக் கணக்கு. கூலியும் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போனால் மதியம் வரை வலி தெரியாது. சாயங்காலம் கணுக்கால் பன் மாதிரி வீங்குகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி எண்ணெய் போட்டு சுளுக்கு எடுத்தார், மறுநாள் அதிகமாகிவிட்டது. சேலத்தில் ஒரு பிசியோதெரபி சென்டரில் வாரம் மூன்று நாள் வந்து கரண்ட் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கீழே இறங்கிப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. எனக்கு பிரஷர் உண்டு, மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே கால் குணமாகுமா, இல்லை சீசனை விட்டுத்தான் ஆக வேண்டுமா? காப்பி முடிந்ததும் எங்கள் சொந்தக் காட்டில் மிளகு பறிக்க வேண்டும், ஏணி ஏறுவது நான்தான். வீங்குகிற காலில் கொலுசு போட்டிருக்கலாமா? கழற்றக் கூடாது என்கிறார் மாமியார்.

பதில்:

அக்கா, வேலைக்குப் போகலாம். ஆனால் இப்போது போகிற மாதிரி போகக் கூடாது. உங்கள் காலைக் கெடுப்பது வேலை இல்லை, சரிவு. சரிவை இரண்டு வாரம் விட்டுவிட்டு, வேலையை விடாமல் இருக்க முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், மருந்து எழுதும் டாக்டர் இல்லை. மாத்திரை பற்றிக் கீழே சொல்வதை உங்கள் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பையும் பாத எலும்புகளையும் மூன்று சிறிய ஜவ்வுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முன்னால் இருக்கிற ஜவ்வுதான் பெரும்பாலும் முதலில் கிழியும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. அதனால் 'எலும்பு முறியவில்லை' என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், அது சரியில்லை. லேசாக இழுபட்ட ஜவ்வு ஒன்று முதல் மூன்று வாரத்தில் சரியாகும். பாதி கிழிந்தது என்றால் மூன்று முதல் ஆறு வாரம். முழுக்க அறுந்திருந்தால் மூன்று மாதம் வரைகூட ஆகும். அன்றைக்கே வீங்கி நீலம் பாரித்தது என்கிறீர்கள், மூன்றரை வாரம் கழித்தும் சாயங்காலம் வீங்குகிறது என்கிறீர்கள். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முதல் வகையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

ஜவ்வு ஆறுகிற விதம் தெரிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். முதல் சில நாள் வீக்கம். அப்புறம் சில வாரங்களுக்கு உடம்பு புது நாரை அந்த இடத்தில் போடுகிறது. முதலில் போடும்போது அந்த நார் தாறுமாறாகத்தான் கிடக்கும். காலை அளவாக அசைத்து, அளவாக பாரம் கொடுத்தால்தான் அது இழுக்கும் திசைக்கு ஏற்ப வரிசைப்படும், உறுதி ஏறும். அந்த உறுதி முழுதாக வர மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகிறது. அதனால்தான் மூன்று வாரம் அசையாமல் படுத்திருந்த காலும் சரியாக வருவதில்லை. நீங்கள் ஏழாம் நாள் எழுந்து நடந்தது தப்பில்லை, இப்போதெல்லாம் நாங்களே சீக்கிரம் நடக்கச் சொல்கிறோம். நடந்த இடம்தான் தப்பு. இன்னும் நார் பிடிக்காத ஜவ்வை, நாள் முழுக்க, சாய்வான ஈர மண்ணில், சாக்குப் பாரத்தோடு, மாத்திரை போட்டு வலி தெரியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் பிடிக்கிற நார் சாயங்காலத்துக்குள் மறுபடி நைந்துபோகிறது.

அந்த மாத்திரையை எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரி அடிக்குப் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகைதான் கொடுப்பார்கள். அட்டையில் பெயரைப் பாருங்கள். இந்த வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றக்கூடியவை, பிரஷர் மருந்தின் வேலையையும் மட்டுப்படுத்தும். சில பிரஷர் மருந்துகளோடு சேர்ந்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வெயிலில் வேலை செய்தால், சிறுநீரகத்துக்கும் கெடுதல். காலையில் வெறும் டீயோடு போட்டால் வயிறும் புண்ணாகும். நாலு நாள் போட எழுதிய மாத்திரையை மூன்று வாரமாக நீங்களே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களோ என்று சந்தேகம். அப்படியென்றால் இன்றோடு நிறுத்திவிட்டு, பிரஷர் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, வேறு என்ன போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரஷரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வலி ஊசி போட்டுக்கொண்டு பழத்துக்குப் போகிறவர்களும் மலையில் இருக்கிறார்கள், அதையும் செய்யாதீர்கள். வலி மருந்து ராத்திரி தூங்குவதற்கு உதவினால் நல்லது. சரிவில் ஏறுவதற்கு முன்னால் போட்டுக்கொள்வதற்கு அது இல்லை. மதியம் வரை வலி தெரியவில்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சொல்கிறீர்கள். எனக்கு பயமே அங்கேதான்.

வலியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு எவ்வளவு என்று உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். வேலை செய்யும்போது மூன்று வரை இருக்கலாம், பயமில்லை. நாலு, ஐந்து என்று போனால் உட்கார வேண்டும். அதற்கு மேல் போனால் அன்றைக்கு அந்த வேலை முடிந்தது. இதைவிட முக்கியமான சோதனை மறுநாள் காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கிற முதல் பத்து அடி. நேற்றைய காலையைவிட மோசமாக இருந்தால் நேற்று செய்தது அதிகம், இன்றைக்குக் குறைக்க வேண்டும். அதே அளவு அல்லது நன்றாக இருந்தால் நேற்று செய்தது சரி. தையல்காரர் வைத்திருக்கிற டேப் ஒன்று வாங்கி, கணுக்கால் எலும்புக்குக் கீழே ஒரே இடத்தில் காலையும் மாலையும் சுற்றி அளந்து காலண்டரில் எழுதுங்கள். வீக்கம் காலைக்குள் முழுக்க வடிந்துவிட்டால் பரவாயில்லை. வாரத்துக்கு வாரம் காலை அளவே கூடிக்கொண்டு போனால் நீங்கள் எவ்வளவு பல்லைக் கடித்தாலும் கால் ஆறவில்லை என்று அர்த்தம்.

இனி வேலை. முதல் இரண்டு வாரம் சரிவில் பழம் பறிக்க வேண்டாம். அந்த இரண்டு வாரத்துக்கு உட்கார்ந்து செய்கிற வேலையோ சமதள வேலையோ கேளுங்கள். சீசனில் எஸ்டேட்டில் அது இல்லாமல் இருக்காது. பறித்து வந்த பழத்தில் காயையும் குப்பையையும் பிரிப்பது, களத்தில் காப்பி காயவைத்துக் கிளறுவது, நாற்றுப் பையில் மண் நிரப்புவது. களத்தில் நாள் முழுக்க நிற்பதும் வீக்கம் தரும், அதனால் கிடைத்தால் உட்கார்கிற வேலை. கிலோக் கணக்கு இல்லாமல் நாள் கூலி கிடைக்கும், பறித்தால் வருவதைவிடக் குறையத்தான் செய்யும். அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இந்தக் கால் இன்னொரு முறை மடங்கினால் சீசன் மொத்தமும் போகும், மிளகும் போகும். ஒரு முறை மடங்கிய கணுக்கால் அடுத்த முறை சுலபமாக மடங்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பார்க்கிற விஷயம்.

இந்த இடத்தில் ஆஸ்பத்திரிகள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'மூன்று வாரம் ரெஸ்ட்' என்று சீட்டு எழுதுவது மாதச் சம்பளக்காரருக்குச் சரி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் சீட்டால் என்ன பயன்? அதைக் காட்டினால் மேஸ்திரி 'சரி, வீட்டில் இரு' என்பார், அவ்வளவுதான். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: 'இரண்டு வாரத்துக்கு சரிவில் ஏறி இறங்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. உட்கார்ந்தும் சமதளத்திலும் வேலை செய்யலாம்.' என்ன செய்யக் கூடாது என்பதோடு என்ன செய்யலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, நான் கீழே சொல்லும் சோதனையில் தேறினால், சரிவு குறைந்த பக்கமாகப் பார்த்து அரை நாள் பறியுங்கள். மறுநாள் காலைச் சோதனை நன்றாக இருந்தால் நாலைந்து நாளுக்கு ஒரு முறை இன்னும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கூட்டலாம். பறிக்கும்போது நிற்கிற விதத்தில்தான் பாதி இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே நடக்கும்போது பள்ளத்துப் பக்கம் இருக்கிற பாதம் உள்பக்கமாகச் சாயும், அதாவது அடிபட்ட ஜவ்வை இழுக்கும். மேட்டுப் பக்கம் இருக்கிற பாதம் அதற்கு எதிராகச் சாயும், அந்த ஜவ்வுக்கு இழுப்பு இல்லை. உங்களுக்கு வலது கால். அதனால் மேடு எப்போதும் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும்படி நடந்து பறியுங்கள். வரிசை முடிந்ததும் அதே வழியாகத் திரும்பிப் பறித்துக்கொண்டு வராமல், பாதை வழியே நடந்து வந்து அடுத்த வரிசையையும் ஆரம்பத்திலிருந்து எடுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நின்று பறிக்கும்போது செடிக்குக் கீழ்ப்புறம் நின்று மேட்டைப் பார்த்துப் பறியுங்கள். மேட்டைப் பார்த்து நின்றால் பாதம் மேல்நோக்கி மடங்கும், அப்போது கணுக்கால் மூட்டு நன்றாகப் பூட்டிக்கொண்டு உறுதியாக இருக்கும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் விரல்கள் கீழ்நோக்கிப் போகும். கணுக்கால் மிகவும் தளர்ந்து இருக்கிற நிலை அதுதான், பெரும்பாலானவர்களுக்குக் கால் மடங்குவதும் அப்போதுதான். நிறைந்த சாக்கை எடை போடும் இடத்துக்கு நீங்கள் தூக்கிப் போக வேண்டாம். யாரையாவது கொண்டுபோகச் சொல்லிவிட்டு, பதிலுக்கு அவருடைய பழத்தைப் பிரித்துக் கொடுங்கள். இடுப்பில் கட்டுகிற பையையும் பாதி நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். கைத்தடி வைத்துக்கொண்டால் இடது கையில், அடிபட்ட காலுக்கு எதிர்ப் பக்கம். படி ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் அடிபட்ட கால்.

கிரேப் பேண்டேஜ் வீக்கத்தை அழுத்துமே தவிர, கால் மடங்குவதைத் தடுக்காது. மெடிக்கல் கடையில் கணுக்காலுக்கு என்றே லேஸ் வைத்த, அல்லது இரண்டு பக்கமும் தகடு வைத்த பிரேஸ் கிடைக்கிறது. காசு செலவழிப்பதாக இருந்தால் கரண்டுக்குச் செலவழிப்பதைவிட இதில் செலவழியுங்கள். மறுபடி மடங்காமல் காப்பதற்கு இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சரிவில் இறங்குகிற ஒவ்வொரு நாளும் போட வேண்டும், இந்த சீசன் முழுக்க. ராத்திரி கழற்றிவிடுங்கள். பேண்டேஜ் கட்டுவதானால் விரல் பக்கம் ஆரம்பித்து மேலே வாருங்கள். விரல் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ உடனே அவிழ்க்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டாம். மழைக்குப் போடுகிற கம்பூட்டும் கணுக்கால் பக்கம் தொளதொளவென்று இருக்கும், அதற்குள் கால் தாராளமாக மடங்கும். அடிப்பக்கம் நல்ல பிடிப்புள்ள, கயிறு கட்டுகிற ஷூ போதும்.

கொலுசைக் கழற்றுங்கள், மெட்டியையும். சாயங்காலம் வீங்குகிற காலில் வெள்ளி இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், பிரேஸும் அதன் மேல் உட்காராது. மெட்டி வரவில்லை என்றால் காலையில், வீக்கம் வடிந்திருக்கும்போது, சோப்பு போட்டு மெதுவாகச் சுழற்றி எடுங்கள். அப்படியும் வராவிட்டால் பத்தரிடம் காட்டி வெட்டி எடுத்துவிடலாம், பிறகு பற்றவைத்துக்கொள்ளலாம். சேலத்துக்காரர்களுக்கு வெள்ளி வேலைக்கு ஆளா கிடைக்காது? மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், வீக்கம் போனதும் போட்டுக்கொள்ளப் போகிறீர்கள்தானே.

பாட்டியின் சுளுக்கு வைத்தியத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். விரலிலிருந்து முழங்கால் பக்கமாக, மெதுவாக, மேல்நோக்கி எண்ணெய் தடவி நீவிவிட்டால் வீக்கம் வடிய உதவும், சுகமாகவும் இருக்கும். ஆனால் பாதத்தைப் பிடித்துத் திருகி, சொடுக்கெடுப்பது கூடவே கூடாது. கிழிந்த ஜவ்வை இன்னும் கிழிப்பதுதான் அது. மறுநாள் அதிகமானது அதனால்தான் இருக்கும். ஒத்தடத்தில் ஐஸ் வலியைக் குறைக்கும், துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். ராத்திரி இரண்டு தலையணை மேல் காலை வைத்துப் படுப்பது அதைவிட உபயோகம். வேலையிலும் மணிக்கு ஒரு தரம் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து காலைச் சாக்கின் மேல் தூக்கி வையுங்கள்.

சேலத்துக்கு வாரம் மூன்று நாள் வரச் சொல்வது பற்றி. என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குக் கோபம் வரலாம், வரட்டும். கணுக்கால் சுளுக்குக்கு அல்ட்ராசவுண்ட் மாதிரி மெஷின் சிகிச்சையால் பெரிய பலன் இல்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பலன் தருவது உடற்பயிற்சி, அதை வீட்டிலேயே செய்யலாம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, பத்து நிமிஷம் கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை போய், 'வீட்டில் செய்கிற மாதிரி பயிற்சி சொல்லிக்கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறேன்' என்று கேளுங்கள். இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது. உங்களுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்தத் திட்டத்திலேயே பிசியோதெரபியும் உண்டு. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லிவையுங்கள். பிசியோதெரபிஸ்ட் எந்த நாளில் உங்கள் பக்கம் வருகிறார் என்று தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு வருவோம். உட்கார்ந்து காலை நீட்டி, கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ என்று ஃ வரை எழுதுங்கள். காலை, மதியம், இரவு. பாதத்தில் துண்டு மாட்டி முழங்காலை மடக்காமல் உங்கள் பக்கம் இழுத்து அரை நிமிஷம் பிடியுங்கள், நாலைந்து தடவை. பழைய சைக்கிள் டியூபை வளையமாக இரண்டு பாதத்திலும் மாட்டி, வலது பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி மெதுவாகத் திரும்ப விடுங்கள், பத்து தடவை மூன்று செட். கால் மடங்கப் போகும்போது அதை வெளியே இழுத்துக் காப்பாற்றுகிற தசை அங்கேதான் இருக்கிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குங்கள். வலி மூன்றைத் தாண்டாமல் இருந்தால் ஒரு வாரத்தில் ஒற்றைக் காலில் செய்ய முயலுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, பலரும் விட்டுவிடுவது, ஒற்றைக் காலில் நிற்பது. ஜவ்வு கிழியும்போது கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு முனைகளும் அடிபடுகின்றன. அதனால்தான் வலி போன பிறகும் கால் நம்ப முடியாமல் இருக்கிறது. சோறு வேகிற நேரத்தில் மேடைக்குப் பக்கத்தில், தேவைப்பட்டால் பிடித்துக்கொள்கிற மாதிரி, வலது காலில் மட்டும் நில்லுங்கள். முதலில் பத்து விநாடி. முப்பது விநாடி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் வந்ததும் மடித்த சாக்கின் மேல். வலி போய்விட்டது என்று இதை நிறுத்தாதீர்கள், இரண்டு மாதமாவது தினமும் செய்யுங்கள். மறுபடி மடங்குவதை இந்தப் பயிற்சி குறைக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

சரிவுக்குத் திரும்புவதற்கு முன் சோதனை: மாத்திரை போடாத நாளில், கண் திறந்து வலது காலில் முப்பது விநாடி நிற்க வேண்டும். லேசாகப் பிடித்துக்கொண்டு வலது குதிகாலை மட்டும் பத்து தடவை தூக்க வேண்டும். சமதளத்தில் நொண்டாமல் வேகமாக நடக்க வேண்டும். மூன்றும் வராமல் சரிவுக்குப் போகாதீர்கள்.

வீட்டு வேலையை நீங்கள் கடிதத்தில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தண்ணீர்க் குடம், விறகு, குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அந்தக் காலில்தான் நடக்கிறது. எஸ்டேட்டில் உட்கார்ந்த வேலை வாங்கிக்கொண்டு வீட்டில் குடம் தூக்கினால் கால் ஆறாது. ஒரு மாதம் தண்ணீரையும் விறகையும் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். பாத்திரத்தை ஸ்டூல் போட்டுத் தேயுங்கள்.

மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரங்களும் உண்டு. வெளிக் கணுக்கால் எலும்பின் நுனியையும் பின் விளிம்பையும், உள் கணுக்கால் எலும்பிலும் அதே இடங்களையும், பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பு மேலேயே சுரீர் என்று வலித்தால், முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாத விரிசல் இருக்கலாம், மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கணுக்காலுக்கு மேலே, இரண்டு எலும்புக்கும் நடுவில் வலித்தால் அது வேறு ஜவ்வு, ஆறுவதற்கு இன்னும் நாளாகும். கால் திடீர் திடீரென்று விட்டுக்கொடுத்தாலோ, மூட்டு சிக்கிக்கொண்டாலோ, இப்படி ஒழுங்காக இருந்தும் ஆறு வாரத்தில் தேறாவிட்டாலோ எலும்பு டாக்டரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. ஆடுசதை வீங்கிச் சூடாக வலித்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும், அது ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. அடிபட்டது வேலை நேரத்தில், வேலை இடத்தில். சட்டப்படி சிகிச்சைச் செலவு முதலாளி பொறுப்பு. வேலை செய்ய முடியாத நாட்களுக்கு, முதல் மூன்று நாள் போக, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாதக் கூலியில் 25 சதவீதம் தர வேண்டும். முடக்கம் 28 நாள் அல்லது அதற்கு மேல் நீடித்தால் அந்த மூன்று நாளும் சேரும். எந்தத் தேதி, எந்த இடத்தில் விழுந்தீர்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள், எக்ஸ்ரேயையும் சீட்டுகளையும் அதோடு. பேசினாலே பல இடங்களில் முடிந்துவிடும். முடியாவிட்டால் சேலத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோருவதற்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, ஆனால் காகிதம் இப்போதே இருக்க வேண்டும்.

மிளகு விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன். ஏணியில் நிற்கும்போது உடம்பு முழுக்க முன்பாதத்தில் நிற்கிறது, குதிகால் தொங்குகிறது. கொடியை எட்டும்போது பாதம் ஓரமாகச் சாய்கிறது. பலவீனமான கணுக்காலுக்கு அதைவிட மோசமான நிலை கிடையாது. அதுவும் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றைக் கால் ஏணி என்றால் விழுந்தால் முதுகெலும்புதான் தாங்கும். இந்த வருஷம் வேறு யாராவது ஏறட்டும், கூலி கொடுத்தாவது ஏற்றுங்கள். நீங்கள் கீழே உட்கார்ந்து மணியை உதிர்த்துக் காயவைக்கிற வேலையைப் பாருங்கள்.